டெஸ்ட் ஸ்டிரிப் – சோதனைக் கீற்று

பினாங்கில் பெரியவர்கள் இன்னமும் 'படம் கழுவுவது' என்றுதான் சொல்வார்கள். மலாயிலும் அதே கழுவல்தான்: 'சூச்சி கம்பார்'. அந்தக் கழுவலுக்கு முன்னால், படத்துக்கு எத்தனை விநாடி ஒளி வேண்டும் என்று பார்க்கச் செய்யும் ஒரு சின்ன வேலை மட்டும் எங்கள் வாயில் 'டெஸ்ட் ஸ்டிரிப்' என்று ஆங்கிலமாகவே தங்கிவிட்டது.

இரண்டு விரல் அகலத்தில் ஒளித்தாளை வெட்டி, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜருக்கு அடியில் வைக்கிறோம். அட்டையால் மூடி, கொஞ்சம் திறந்து 5 விநாடி. இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு 5. இப்படி ஐந்து முறை. படத்தை எழுப்பும் மருந்தான டெவலப்பரில் போட்டால் வெளிறியதிலிருந்து கறுப்பு வரை ஐந்து படிகள் எழும்பும். அதில் சரியாக வந்த படியின் விநாடிதான் முழுப்படத்துக்கு. ஆனால் 5க்கும் 10க்கும் நடுவே ஒளி இரட்டிப்பாகிறது. 20லிருந்து 25க்கு வெறும் கால்பங்குதான் கூடுகிறது. கை தேறியவர்கள், ஒவ்வொரு படியும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூடும்படி, மொத்தம் 8, 11, 16, 22, 32 விநாடி என்று போவது இதனால்தான். சிவப்பு விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஏமாற்றும். எங்கள் ஊர் வெக்கைக்கு டெவலப்பரை 20 டிகிரியில் நிறுத்த, தட்டுக்கு அடியில் ஐஸ் தண்ணீர் வேண்டும். முழுப்படம் போடும்போது டெவலப்பர் சூடேறியிருந்தால் கீற்று சொன்ன கணக்கு தப்பிவிடும்.

'டெஸ்ட்' முதலில் தேர்வைக் குறித்த சொல் அல்ல. பொன் வெள்ளியை உருக்கித் தரம் பார்க்கும் மண்கலத்தின் பெயர், லத்தீனில் 'டெஸ்டும்'. நம் 'சோதனை'யோ, சுத்தப்படுத்துதல் என்னும் பொருளுள்ள 'சோதன' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. அதுவும் உலோகத்தைப் புடம்போடுவதைக் குறிக்கும். இரண்டும் தட்டார் பட்டறையில் புழங்கியவைதான்!

'ஸ்டிரிப்'புக்குச் சிலர் 'பட்டை' என்கிறார்கள். எனக்குக் குருமாதான் ஞாபகம் வருகிறது. 'கீறு' தந்த 'கீற்று' மேல்: மாங்காய்க் கீற்று மெல்லிய துண்டு, நிலாக்கீற்று மெல்லிய ஒளி. இங்கே தாளும் ஒளியும் இரண்டும் வேண்டும்.

'எக்ஸ்போஷர்' லத்தீனில் 'வெளியே வைத்தல்'. அதற்காக 'வெளிப்பாடு' என்று பெயர்த்தால் கவிதை வாசனை அடிக்கிறது, 'ஒளிபடுதல்' போதும். அதை அளக்கும் மீட்டர், 'ஒளிமானி'. அதை வாங்கிவிட்டால் கீற்று வேண்டாம் என்பது கடைக்காரர் பேச்சு. இந்தத் தாளில், இந்த மருந்தில் எத்தனை விநாடிக்கு எந்தச் சாம்பல் வரும் என்று மானிக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே ஒரு கீற்றுதான். தாள் பெட்டி மாறினால் மறுபடியும் பாடம்.

லெபோ பாசாரில் பழைய நகையை மாற்றப் போனால், கறுப்புக் கல்லில் ஓர் இழுப்பு இழுத்துத் தங்கத்தின் மாற்றுப் பார்ப்பார்கள் இல்லையா? அந்த மஞ்சள் கோடும் சோதனைக் கீற்றுதான்.