‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று அமைச்சர் சொன்னால் என்ன பொருள்?

மக்களவையில் அமைச்சர் எழுந்து, “இது அரசின் பரிசீலனையில் இருக்கிறது” என்கிறார். மழுப்பிவிட்டார் என்று நாம் டிவியை அணைத்துவிடுகிறோம். ஆனால் நாடாளுமன்ற நடைமுறையில் அந்தச் சொல்லுக்குக் கனம் உண்டு. “பரிசீலனையில் இருக்கிறது”, “விசாரித்துச் சொல்கிறேன்” போன்ற வாசகங்களை அவைக்குத் தந்த உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்ளலாம். அப்படிக் கொண்டால் மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும்; முடியாவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். இதைக் கண்காணிக்கவே 15 உறுப்பினர்கள் கொண்ட அரசு உறுதிமொழிக் குழு மக்களவையில் இருக்கிறது. அமைச்சர்களுக்கு அதில் இடமில்லை.

இந்திய நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள். மக்களவைக்கு 543 பேரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். மாநிலங்களவையின் 245 இடங்களில் 12 நியமனம். மற்றவர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டமியற்றுவது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குடிமக்களுக்கு அதைவிட நெருக்கமானது கேள்வி நேரம் என்பேன்.

மக்களவையில் அது காலை 11 மணிக்குத் தொடங்குகிறது, மாநிலங்களவையில் நண்பகல் 12 மணிக்கு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். தயாரித்து வந்த தாளுக்கு வெளியே அமைச்சரை இழுப்பது இந்தத் துணைக் கேள்விதான். மக்களவையில் நாளொன்றுக்கு இப்படி 20 கேள்விகள்தான், குலுக்கலில் தேர்வாகின்றன. அவற்றிலும் சிலவற்றுக்கே நேரம் கிடைக்கிறது. அமளியில் அந்த ஒரு மணி நேரம் வீணாகும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. நட்சத்திரக் குறி இல்லாதவற்றுக்கு எழுத்து மூலம் பதில் வரும். துணைக் கேள்விக்கு வழியில்லை.

உங்கள் ஊர்ப் பிரச்சினையைக் கேள்வியாக்கும்படி உங்கள் எம்.பி.யிடம் கேட்கலாம். அது மத்திய அரசின் பொறுப்பில் இருக்க வேண்டும். ரயில்வே மேம்பாலம் என்றால் சரி; தெருவிளக்கு என்றால் ஏற்கமாட்டார்கள். கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது, கருத்தும் கேட்கக் கூடாது. “இந்தப் பாலத்தில் அரசுக்கு அக்கறை இல்லையா?” என்பது தேறாது. “பாலத்துக்கு எந்த ஆண்டு ஒப்புதல் தரப்பட்டது, இதுவரை செலவான தொகை எவ்வளவு, பணி எப்போது முடியும்?” என்று எழுதினால் தேறும். குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் அறிவிப்பு வந்ததுமே எம்.பி. அலுவலகத்தை அணுகிவிடுங்கள்.

பதில்கள் நாடாளுமன்ற இணையதளத்தில் வெளியாகின்றன. கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். பதிலில் உறுதிமொழி இருந்தால், மூன்று மாதம் கழித்து அந்த எண்ணைச் சொல்லி உங்கள் எம்.பி.யிடம் மறுபடி கேளுங்கள்.