உறுதியாகத் தெரிந்த பிறகுதான் சொல்ல வேண்டுமா? போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு

கொருக்குப்பேட்டையில் எங்கள் மாலை வகுப்பு ஒரு வீட்டு மொட்டைமாடியில், தகரக் கூரைக்குக் கீழே நடக்கிறது. சரக்கு ரயில் போனால் பாடத்தை நிறுத்திவிட்டு, அது கடக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்போம். அப்படியோர் இடைவெளியில் புதிதாகச் சேர்ந்த தன்னார்வலப் பெண் கேட்டார்: "அக்கா, ஒரு பிள்ளை ஏதோ நடந்தது என்று சொன்னால், உறுதியாகத் தெரியாமல் போலீஸில் எப்படிச் சொல்வது?"

நியாயமான தயக்கம்தான். ஆனால் அந்த உறுதியைச் சட்டம் அவரிடம் கேட்கவில்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க வந்ததுதான் போக்சோ சட்டம். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிறையாத ஆணும் பெண்ணும் குழந்தைதான். அதன் 19ஆம் பிரிவு, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிய வந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, யாராக இருந்தாலும் உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறார் காவல் பிரிவிலோ தகவல் தர வேண்டும் என்கிறது. ஆசிரியர், டாக்டர் என்று தனியாகப் பிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுநர், டியூஷன் அக்கா, சொந்தப் பாட்டி எல்லோரும் இதில் அடக்கம். குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாதவருக்கு 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குழந்தைக்கு மட்டும் இந்தத் தண்டனை கிடையாது.

பள்ளிகளில் அடிக்கடி காதில் விழும் பதில், "தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்" என்பது. போதாது. மேலதிகாரியிடம் சொன்னதோடு கடமை முடிவதில்லை. தகவல் காவல்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால், ஓர் ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. "நிர்வாகமே விசாரித்து முடிவெடுக்கும்" என்று கமிட்டி போட்டு நாள் கடத்துவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அந்த நாட்களில் பிள்ளையிடம் ஐந்து பேர் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார்கள்.

மருத்துவர்களுக்கும் விலக்கில்லை. மகாராஷ்டிரத்தில் விடுதி மாணவிகளுக்குச் சிகிச்சை அளித்தும் தகவல் தரவில்லை என்று ஒரு டாக்டர் மீது வழக்கு வந்தது. அவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது. பதினேழு வயதுப் பெண் காதலித்துக் கருவுற்று வந்தாலும் மருத்துவமனை தகவல் தரத்தான் வேண்டும். கருக்கலைப்புக்கு வரும்போது, அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் காவல்துறைக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு சொல்கிறது.

காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் பலருக்கும் முதலில் தோன்றுவது, இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடித்துவிடலாம் என்பது. படகுத் தகராறை அப்படி முடிக்கலாம். இதை முடிக்க முடியாது. பணம் கைமாறினாலும் சட்டத்தின் கண்ணில் குற்றம் குற்றமாகவே நிற்கும்.

சொன்ன பிறகு என்ன ஆகும்? காவலர் தகவலை எழுதி, எண் கொடுத்து, உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். சம்பவம் நடந்த இடம் தங்கள் எல்லையில் இல்லை என்று ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டைக்கு அலைக்கழிக்க முடியாது. எல்லை எதுவானாலும் பதிவு செய்ய வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இருக்கிறது. பதிய மறுக்கும் காவலருக்கும் அதே ஆறு மாதத் தண்டனை. 24 மணி நேரத்துக்குள் அவர்கள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வாக்குமூலம் வாங்க வருபவர் சீருடையில் வரக்கூடாது. பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர் பேச வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் பிள்ளையை வைத்திருக்கக் கூடாது.

குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். வழி சொல்வார்கள், துணைக்கும் வருவார்கள். இருந்தாலும் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது காவல்துறையை என்பதால், அங்கேயும் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

நல்லெண்ணத்தில் சொன்னது பின்னால் நிரூபணமாகாமல் போனாலும் உங்கள் மீது வழக்குப் போட முடியாது. பொய் என்று தெரிந்தே ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ பணம் பறிக்கவோ புகார் கொடுத்தால்தான் தண்டனை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக் கூப்பிடலாம். அதை மறைத்து யாரையும் தைரியப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது சிறிய வேலைதான். பிள்ளை சொன்னதை அது சொன்ன வார்த்தைகளிலேயே, தேதியும் நேரமும் போட்டு நோட்டில் எழுதுங்கள். "எத்தனை தடவை? யார் பார்த்தார்கள்?" என்று குறுக்கே கேட்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அது உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட வேண்டாம். பெயர், படம் மட்டுமல்ல, பள்ளியும் அக்கம்பக்கமும்கூட ஊடகங்களில் வெளிவரக் கூடாது என்கிறது 23ஆம் பிரிவு. எங்கள் தெருவில் "தண்ணீர் டேங்க் எதிர்வீடு" என்றாலே போதும், ஊருக்கே தெரிந்துவிடும்.