கொலைக் கணக்கும் வாங்காத ரசீதும்

'நெல்லையில் கொலைகள் இரு மடங்கு' என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சில வாரம் கழித்து 'நெல்லையில் குற்றங்கள் பாதியாகக் குறைந்தன' என்று இன்னொன்று வரும். பாளையங்கோட்டையில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன் என்பதால் தெரிந்தவர்கள் எல்லாம் அதை எனக்கு அனுப்பி, "உண்மையா வக்கீல் சார்?" என்று கேட்கிறார்கள்.

இந்த முறை எனக்குக் கோபம்தான் வந்தது. அன்று காலையில்தான், பொதுச்சுவர்த் தகராறில் மகனைப் பறிகொடுத்த ஒரு பெரியவர் வந்துவிட்டுப் போயிருந்தார். "எதிராளி முன்னாடியே மிரட்டினானா?" என்று கேட்டேன். "ரெண்டு வருசமா சொல்லிக்கிட்டேதான் இருந்தான் சார். ஸ்டேஷனுக்குப் போனோம், பேசி அனுப்பிட்டாங்க" என்றார். கையில் ஒரு துணிப்பை. அதில் பட்டா, வீட்டுவரி ரசீது, சர்வேயர் போட்ட வரைபடம், கரண்ட் பில் எல்லாம் பத்திரமாக இருந்தன. மிரட்டலைப் பற்றி மட்டும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இப்படி வருகிறவர்கள் எத்தனை பேர்!

முதலில் அந்தச் சதவீதத்தைப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 4.73 லட்சம். இந்த அளவு ஊரில் ஒரு வருடம் ஆறு கொலை, அடுத்த வருடம் ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே '50 சதவீதம் உயர்வு' என்று போட்டுவிடுவார்கள். கூடுதலான அந்த மூன்றும் ஒரே குடும்பப் பகையில் நடந்தவையாக இருக்கலாம். அதை வைத்து ஊர் கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது, மறு வருடம் ஆறானால் ஊர் திருந்திவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஐந்து, பத்து வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது பிடிபடும். அப்போதும் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். மாநகரக் காவல்துறைக்கு ஒரு கணக்கு, மாவட்டக் காவல்துறைக்குத் தனிக் கணக்கு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய நெல்லை மாவட்டக் கணக்கையும் பிந்தையதையும் பக்கத்தில் வைத்து 'குறைந்துவிட்டது' என்கிறார்கள். மாவட்டம் சிறுத்துப்போனதை யாரும் சொல்வதில்லை.

கொலை எண்ணிக்கையில் மருத்துவமனைக்கும் பங்கு உண்டு. 108 ஆம்புலன்ஸ் தமிழகத்துக்கு வந்தது 2008இல். வெட்டுப்பட்டவரை வேகமாக ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து உயிர் பிழைத்துவிட்டால் அது கொலை முயற்சி வழக்கு. அரிவாள் அதே அரிவாள்தான். கொலையை மட்டும் எண்ணினால் வெட்டுக் குறைந்ததா என்பது தெரியாது. கொலை, கொலை முயற்சி, கொடுங்காயம் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

'அந்தக் காலத்தில் ஊர் அமைதியாக இருந்தது' என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1990களின் நடுவில் தென்மாவட்டங்கள் சாதி மோதலில் எரிந்தன. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயர்களை 1997இல் அரசே எடுக்கும் அளவுக்கு நிலைமை போனது. அதையெல்லாம் மறந்துவிட்டு, இன்றைய ஒரு சிசிடிவி வீடியோவைப் பார்த்துப் பதறுகிறோம்.

சரி, பதற வேண்டியது எதற்கு? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் இந்தியா முழுக்க 28,522 கொலை வழக்குகள். அதில் 9,962 தகராறால் நடந்தவை, 3,761 முன்விரோதத்தால். பணம், நகைக்காக நடந்தவை 1,884 மட்டுமே. வீட்டுக்கு இரட்டைப் பூட்டுப் போடுகிறோம், கேமரா வைக்கிறோம். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "உன்னை வெட்டாம விடமாட்டேன்" என்கிறவன் சொன்னதை 'குடிச்சிட்டு உளறுறான்' என்று விட்டுவிடுகிறோம்.

2025 மார்ச்சில் நெல்லை டவுனில் ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர் ஒருவர் நிலத் தகராறில் வெட்டிக் கொல்லப்பட்டார். உயிருக்கு ஆபத்து என்று அவர் முன்பே வீடியோ வெளியிட்டிருந்தார். 'அப்படிச் சொல்லியும் காப்பாற்றவில்லையே, மனு எதற்கு?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் ஸ்டேஷனோடு நிற்காதீர்கள் என்கிறேன்.

மிரட்டலை எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், அவன் சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர்கள் பெயர் எல்லாம் இருக்கட்டும். கொலை மிரட்டலுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 351(3)இன்படி ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் மாநகரத்தில் கமிஷனருக்கும் புறநகரில் எஸ்.பி.க்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். அமைதி காப்போம் என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்கும் '107' நடவடிக்கையையும் கேளுங்கள். அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்; இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 126. எங்கள் வாயில் இன்னும் 107தான் வருகிறது.

பழைய வழக்கில் ஜாமீனில் இருக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஜாமீன் நிபந்தனைக்காகக் கையெழுத்துப் போடும் நேரமும் வாய்தா தேதியும் எதிராளிக்கு அத்துப்படி. 2024 டிசம்பர் 20 அன்று நெல்லை நீதிமன்ற வாசலிலேயே வழக்குக்காக வந்த இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டினார்கள். அதன் பிறகுதான் நீதிமன்றங்களுக்கு ஆயுதம் தாங்கிய போலீஸ் பாதுகாப்புக் குறித்து உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆபத்து இருந்தால் வக்கீலிடம் மறைக்காதீர்கள். நேரில் வராமலிருக்க மனுப் போடலாம், கையெழுத்து நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். சாட்சிகளுக்கு 2018 முதல் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. கேட்கிறவர்கள்தான் குறைவு.

பெற்றோர்களே, பையன் போனைக் கொஞ்சம் பாருங்கள். அரிவாளோடு ரீல்ஸ், 'பழிக்குப் பழி' ஸ்டேட்டஸ் இருந்தால் அன்றைக்கே உட்கார வைத்துப் பேசுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். வழக்கு ஆன பிறகு என்னிடம் கூட்டி வருகிறீர்கள். அதற்கு முன்னால் ஒருமுறை பள்ளி ஆசிரியரிடம் கூட்டிப்போங்கள், தயவுசெய்து.

அப்புறம், கொடுத்த மனுவின் நகலையும் அந்த ரசீதையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இல்லாத ஒரு சொந்தக்காரருக்கும் இன்றே அனுப்பி வையுங்கள்.