சன்னலை மூடினால் படம் போகுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயிலின் செயலாளர் அண்ணன் போன வாரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார், திருவிழாப் படங்களை ஒழுங்குபடுத்த வேண்டுமாம். திறந்தால் 17 ஃபோல்டர் சன்னல்கள், அதில் ஐந்து ஒரே 'தீமிதி' ஃபோல்டர். ஒன்றை மூடப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். "மூடாதே தம்பி, படமெல்லாம் போயிடும்!"

போகாது. படம் இருப்பது டிஸ்க்கில். சன்னல் அங்கே இருக்கும் பட்டியலை வாசித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். மங்கலான படம் ஒன்றை அவர் அனுமதியோடு ஒரு சன்னலில் அழித்தேன், மற்ற நான்கிலும் அது மறைந்தது. ஃபோல்டரில் ஏதாவது மாறினால், அதைக் காட்டிக்கொண்டிருக்கும் எல்லாச் சன்னல்களுக்கும் விண்டோஸ் தகவல் சொல்லிவிடும்.

அண்ணனை உண்மையில் குழப்பியது வேறு. 3 ஜிபி வீடியோவைப் பக்கத்து ஃபோல்டருக்கு இழுத்தால் கண்ணிமைப்பதற்குள் போய்விடுகிறது, பெண்டிரைவுக்கு இழுத்தால் தே தாரிக் குடித்து முடித்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. தோட்டத்துக் கணக்கையே சொன்னேன். கிராணியார் (தோட்டத்து எழுத்தர்) ஒரு தொழிலாளியை வேறு கங்காணியின் கீழ் போடுகிறார் என்றால் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பெயரைத்தான் மாற்றி எழுதுகிறார், ஆள் அதே லயத்து வீட்டில்தான் இருக்கிறார். ஒரே டிரைவுக்குள் நகர்த்துவதும் அப்படித்தான்: எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்ற பதிவு மாறுகிறது, வீடியோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. பெண்டிரைவ் வேறு தோட்டம், அதற்கு வேறு செக்ரோல், அங்கே முழு வீடியோவையும் புதிதாக எழுதியாக வேண்டும். அதனால்தான் சும்மா இழுத்துப் போட்டால் ஒரே டிரைவுக்குள் நகர்கிறது, வேறு டிரைவுக்கு என்றால் நகல் எடுக்கிறது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் எங்கேயும் நகரும், கண்ட்ரோல் என்றால் நகல்.

சரி, 17 சன்னலை என்ன செய்வது? விண்டோஸ் 11-இல் 2022 முதல் ஃபோல்டர் சன்னலுக்குள்ளேயே டேப் இருக்கிறது. கண்ட்ரோலோடு டி அழுத்தினால் புது டேப், டபிள்யூ அழுத்தினால் மூடும். ஆனால் படங்களை இடம் மாற்றும்போது எனக்கு இரண்டு சன்னல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கை ஓடும் (விண்டோஸ் பட்டனோடு இடது அம்பு, வலது அம்பு). இத்தனை சன்னலையும் வழக்கமாக எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரே நிரல்தான் நடத்துகிறது, கீழே இருக்கும் டாஸ்க்பாரும் அதன் பொறுப்பு. அதனால் ஒன்று சிக்கினால் சில சமயம் எல்லாம் சேர்ந்து உறைந்து, டாஸ்க்பாரே காணாமல் போய்த் திரும்பி வரும். அப்போதும் டிஸ்க்கில் இருக்கும் படங்கள் அப்படியே இருக்கும்.

அண்ணன் ஒவ்வொன்றாக மூடினார். 'தீமிதி'யில் மட்டும் இரண்டை விட்டுவைத்தார், எதற்கும் இருக்கட்டுமாம்.