தேய்ந்த எழுத்தில் ஓட்டை விழுவது எப்படி?

திருவிழாச் சுவரொட்டிக்குத் தேய்ந்த தோற்றமுள்ள தடித்த எழுத்துருவைப் பயன்படுத்திய வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எவ்வளவு பெரிதாக்கினாலும் கீறல்கள் மங்கவே இல்லையே, எப்படி?" இத்தகைய எழுத்துருக் கோப்பில் படம் கிடையாது. வெளிக்கோடுகள் மட்டுமே உண்டு. ஒவ்வொரு கீறலும் ஒரு மூடிய கோடு.

இந்தத் தோற்றம் மர அச்செழுத்திலிருந்து வந்தது. 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் இயந்திரத்தால் மர எழுத்துகளைக் குடையத் தொடங்கிய பிறகு பெரிய எழுத்துச் சுவரொட்டிகள் பெருகின. கட்டை தேயத் தேய, பள்ளமான இடத்தில் மை ஏறாது. அப்படி அச்சான தாளை ஸ்கேன் செய்து, விளிம்புகளை வளைகோடுகளாக மாற்றினால் எழுத்துரு தயார்.

ஓட்டையை ஓட்டை என்று கணினி அறிவதுதான் அழகான இடம். ட்ரூடைப் என்ற எழுத்துருக் கோப்பு முறையில் எழுத்தின் வெளிவிளிம்பு வலஞ்சுழியாகவும் உள்ளே உள்ள கீறல் இடஞ்சுழியாகவும் வரையப்படும். ஒரு புள்ளியை வலஞ்சுழிக் கோடு சுற்றினால் +1, இடஞ்சுழிக் கோடு சுற்றினால் −1. கூட்டினால் பூச்சியம் வரும் இடத்தில் மை இல்லை. வேறு எந்த எண் வந்தாலும் மை உண்டு. கீறலுக்குள் 1−1=0, ஆகவே வெள்ளை.

இரண்டு கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால்? 1−1−1=−1. ஓட்டையின் நடுவே கறுப்புத் திட்டு முளைக்கும்! கீறல் எழுத்தின் விளிம்பைத் தாண்டினாலும் இதே கதை: வெளியே நீட்டிய பகுதி −1 ஆகி மையாக அச்சாகும். எனவே கீறல்களை முதலில் ஒன்றாக இணைத்து, பிறகு எழுத்திலிருந்து வெட்டிக் கழித்த பின்பே கோப்பைச் சேமிக்க வேண்டும்.

தமிழுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. 'ட'வின் மேல் சிதறிய ஒரு மைத்துளி அதை 'ட்' ஆக்கிவிடும். புள்ளி வரும் உயரத்தில் துளிகளே கூடாது. 'பட்டம்' என்ற சொல்லில் 'ட்', 'ட' இரண்டும் ஒரே வரைவிலிருந்து வந்தால், ஒரே கீறல் அடுத்தடுத்துத் தெரிந்து குட்டு வெளிப்படும். எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்று வடிவங்கள் வரைந்து, ஓப்பன்டைப் என்ற எழுத்துரு முறையின் 'கால்ட்' (calt) விதியால், அதாவது பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவத்தை மாற்றும் விதியால், மாறி மாறி வரச் செய்வதே தீர்வு. துணைக்காலுக்கும் இது கட்டாயம், அவ்வளவு அடிக்கடி வருகிறது. 247 எழுத்துகளுக்கு இது பெரிய உழைப்பு. பொது நிதியில் எழுத்துரு செய்யும் திட்டங்கள் இதற்கும் கூலி ஒதுக்க வேண்டும் என்பேன்.

அளவும் முக்கியம். எழுத்து 1000 அலகுக் கட்டத்தில் வரையப்பட்டது என்றால், 10 அலகுக் கீறல் 24 பிக்சல் அளவில் கால் பிக்சல்கூட இராது. எழுத்து அழுக்குச் சாம்பலாகத் தெரியும். அதே கீறல் 72 பாயின்ட் அளவில், அதாவது ஓர் அங்குல அளவில், அங்குலத்துக்கு 300 மைப்புள்ளி வைக்கும் அச்சில், மூன்று மைப்புள்ளி அகலம் பெறும். தலைப்புக்கு மட்டும் வையுங்கள். வினைல் ஸ்டிக்கருக்கு வேண்டாம்: கத்தி ஒவ்வொரு கீறலையும் சுற்றி வெட்டும், தேவையற்ற துணுக்குகளை உரிக்கும்போது எழுத்தும் சேர்ந்தே பெயர்ந்து வரும்.