மட்டையானவர் தூங்கவில்லை: விடுதி அறையில் குடித்த உடலுக்குள் நடப்பது என்ன?

அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் குடியால் நேரும் சாவுகளில் ஒரு வகை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடக்கிறது. நள்ளிரவை ஒட்டி ஒரு மாணவருக்குக் கால் தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. நண்பர்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கட்டிலில் கிடத்துகிறார்கள். "தூங்கி எழுந்தா சரியாகிடும்" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்கள். காலையில் எழுப்பப் போனால் உடம்பு சில்லிட்டிருக்கிறது. அந்த நண்பர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. மட்டையாகிவிட்டால் இனி குடிக்க முடியாது, அதனால் ஆபத்து கடந்துவிட்டது என்று உண்மையிலேயே நம்பியிருப்பார்கள். பல நேரங்களில் ஆபத்து அப்போதுதான் ஆரம்பிக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அந்த அறைக்குள் குடி நுழையும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 21 வயது நிரம்பாதவர்கள் மது வாங்கக் கூடாது. 1984இல் வந்த மத்தியச் சட்டம், இந்த வயது வரம்பை ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை வெட்டியது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன. இளைஞர்களின் சாலை விபத்துச் சாவுகள் இதனால் குறைந்தன. சட்டம் தேவையானது என்பதே என் கருத்து. ஆனால் கல்லூரியில் சேர்பவருக்கு வயது 18. விடுதியில் தங்கும் காலம் பெரும்பாலும் இந்தத் தடைக்குள்தான் வருகிறது. குடிக்க முடிவு செய்துவிட்ட மாணவர் மதுக்கூடத்துக்குப் போக முடியாது. பீர்ப் பெட்டியை மறைத்து எடுத்து வருவதும் கஷ்டம். ஒரு வோட்கா பாட்டிலைப் பையில் போட்டுக் கொண்டுவருவது சுலபம். பார்ட்டிக்குப் போனால் அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ என்று, கிளம்பும் முன்பே கதவைச் சாத்திக்கொண்டு வேகவேகமாக ஏற்றிக்கொள்கிறார்கள். ப்ரீகேமிங் என்று அதற்குப் பெயரே உண்டு. அளவு, வேகம், ஒளிவு மறைவு மூன்றும் அந்த அறையில் ஒன்றாகச் சேர்கின்றன.

இதில் வேகத்தின் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க அளவுப்படி ஒரு 'டிரிங்க்' என்றால் 14 கிராம் சுத்த ஆல்கஹால். 5 சதவீத பீர் 355 மி.லி.யிலும், 40 சதவீத வோட்கா 44 மி.லி.யிலும் (ஒரு ஷாட்) அந்த 14 கிராம்தான் இருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஒரு மாணவர் இரவு 9 மணிக்கு ஆரம்பித்து 11 மணிக்குள் எட்டு ஷாட் வோட்கா குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 112 கிராம் ஆல்கஹால். இது உடம்பிலுள்ள நீர் முழுக்கப் பரவும். ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் வகுத்த சூத்திரப்படி கணக்கிட்டால் ரத்தத்தில் சுமார் 0.25 சதவீதம் வருகிறது. இதே எடையுள்ள மாணவிக்கு அதே எட்டு ஷாட் 0.31 சதவீதத்தைத் தொடும். பெண்களின் உடலில் நீரின் பங்கு சராசரியாகக் குறைவு என்பதுதான் காரணம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 0.08 இருந்தாலே வண்டி ஓட்டுவது குற்றம். 0.3ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து, 0.4 பக்கம் போனால் மூச்சே நின்றுவிடலாம்.

இது அளந்து ஊற்றியவர்களின் கணக்கு. அறையில் யார் அளக்கிறார்கள்? கல்லூரி மாணவர்களிடம் ஒரு டிரிங்க் ஊற்றச் சொல்லிப் பார்த்த ஆய்வுகளில், பெரிய கோப்பையைக் கொடுத்தால் அளவுக்கு மேலேதான் ஊற்றினார்கள். நான்கு கோப்பைதான் குடித்தேன் என்று ஒருவர் சத்தியம் செய்யலாம். உடம்பில் எட்டு போயிருக்கும்.

சரி, ஏறியது எப்படி இறங்கும்? கல்லீரல்தான் அதை முறிக்க வேண்டும். வாகனங்கள் எத்தனை வரிசைகட்டி நின்றாலும் ஒரே ஒரு கவுன்ட்டரைத் திறந்து வைத்திருக்கும் சுங்கச்சாவடி மாதிரிதான் கல்லீரல் இதில் வேலை செய்கிறது. ஆல்கஹாலை உடைக்கும் நொதிகள் சீக்கிரமே முழுத்திறனை எட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் வேகம் கூடாது. சராசரியாக மணிக்கு 0.015 சதவீதம் இறங்கும், அவ்வளவுதான். நம் மாணவரின் 0.25 முழுதாக வடிய, குடிக்க ஆரம்பித்த 9 மணியிலிருந்து எண்ணினால், ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். மறுநாள் மதியம் 2 மணி! காலை 9 மணி வகுப்பில் அவர் உட்கார்ந்திருக்கும்போது ரத்தத்தில் இன்னும் 0.07 இருக்கும். தெளிந்துவிட்டது என்று நினைத்துக் காரை எடுத்தால், போதையில் ஓட்டுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உள்ளே போவதும் உடனே ரத்தத்தில் கலப்பதில்லை. இரைப்பையிலிருந்து கொஞ்சம்தான் உறிஞ்சப்படுகிறது. பெரும்பகுதி சிறுகுடலுக்குப் போய்த்தான் ஏறும். கடைசி மிடறு விழுங்கிய பிறகு அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ரத்தத்தில் அளவு கூடிக்கொண்டே போகலாம். வயிற்றில் சாப்பாடு இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். கடைசி இரண்டு மூன்று ஷாட்டை மடமடவென்று குடித்துவிட்டு ஒருவர் மட்டையாகிறார் என்றால், அந்த ஷாட்கள் இன்னும் மூளையைச் சென்றடையவில்லை என்று அர்த்தம். கட்டிலில் கிடக்கும் அவருக்குப் போதை இறங்கவில்லை, ஏறிக்கொண்டிருக்கிறது.

மூளைக்குப் போனதும் ஆல்கஹால் இரண்டு வேலைகள் செய்கிறது. நரம்பு செல்களை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் கையை ஓங்கவைக்கிறது. செல்களைத் தூண்டும் குளூட்டமேட்டின் கையைக் கட்டிப்போடுகிறது. குறைந்த அளவிலேயே நிதானம், தயக்கம், யோசனை எல்லாம் தளர்ந்துவிடும். அளவு கூடக்கூட நடையும் பேச்சும் தடுமாறும், பிறகு நினைவு தப்பும். கடைசியாகப் பாதிக்கப்படுவது மூளையின் அடியில் இருக்கும் முகுளம். நாம் நினைக்காமலே மூச்சை நடத்துவது அதுதான்.

போதுமான அளவு ஏறியதும் தூக்கம் சொக்கி, கால் பின்னி, மேற்கொண்டு குடிக்க முடியாமல் போவது உடம்பின் ஒரு தற்காப்பு. இளம் வயதில் இந்தத் தற்காப்பு பலவீனமாக இருக்கிறது. இளம் எலிகளுக்கும் வளர்ந்த எலிகளுக்கும் ஆல்கஹால் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், இளம் எலிகள் சீக்கிரம் சொக்கி விழவில்லை. நினைவாற்றல் பரிசோதனைகளிலோ அவற்றுக்குத்தான் அடி அதிகம். மனித மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. விளைவுகளை எடைபோட்டு 'போதும்' என்று சொல்லவேண்டிய நெற்றிப் பகுதி கடைசியாகத்தான் முதிர்கிறது. 18 வயதில் ஒருவர் இன்னும் நிற்கிறார், சிரிக்கிறார், ஆடுகிறார் என்பதை வைத்து அவர் தாங்குவார் என்று முடிவு கட்டுவது பெரிய தப்பு.

நினைவு விஷயத்தில் டொனால்ட் குட்வின் என்ற மனநல மருத்துவர் 1970 வாக்கில் செய்த சோதனை எனக்கு மறக்கவே மறக்காது. நீண்டகாலக் குடிப்பழக்கம் உள்ள சிலருக்கு மருத்துவக் கண்காணிப்பில் நிறைய விஸ்கி கொடுத்தார். ஒரு வாணலியைக் காட்டி, பசிக்கிறதா என்று கேட்டார். பிறகு அதற்குள் இருப்பது செத்த எலிகள் என்றார். இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டால் சரியாகச் சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்து, அவர்களில் சிலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை. மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிதான் அன்றாட அனுபவங்களை நிலையான நினைவாகப் பதிக்கிறது. ரத்தத்தில் ஆல்கஹால் மளமளவென்று ஏறும்போது அந்தப் பதிவு நின்றுபோகிறது. ஆள் பேசுவார், நடப்பார், சண்டை போடுவார், வண்டிகூட ஓட்டுவார். எதுவும் பதிவாகாது. பதிவாகாததை யோசித்து யோசித்து வரவழைக்கவும் முடியாது. ட்யூக் பல்கலைக்கழகத்தில் 772 மாணவர்களிடம் கேட்டு 2002இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையாவது குடித்தவர்களில் 51 சதவீதம் பேர் தங்களுக்கு இப்படி நடந்திருப்பதாகச் சொன்னார்கள். அந்த நேரத்தில் பாதுகாப்பில்லாத உடலுறவில் ஈடுபட்டதையும் பொருட்களை உடைத்ததையும் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டவர்கள் அவர்களில் உண்டு.

இனி கட்டிலுக்கு வருவோம். மல்லாந்து கிடக்கிறார். வயிற்றில் மிச்சமிருக்கும் மதுவை வெளியே தள்ள உடம்பு வாந்தி எடுக்கப் பார்க்கிறது. விழித்திருக்கும் ஒருவருக்குத் தொண்டையில் ஏதாவது தவறிப்போனால் உடனே புரையேறும், இருமித் தள்ளிவிடுவார். ஆழ்ந்த போதையில் அந்த அனிச்சைச் செயலே அடங்கிவிடுகிறது. வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகிறது, சத்தமே இல்லாமல் மூச்சு அடைபடுகிறது. வாந்தியே வராவிட்டாலும் முகுளம் மந்தமாகி மூச்சு குறைந்துகொண்டே வரலாம். அப்புறம் உடல் வெப்பம். ஆல்கஹால் தோலுக்கு அடியிலுள்ள ரத்தக்குழாய்களை விரிப்பதால் உள்சூடு வெளியேறுகிறது. பட்டினியாகக் குடித்திருந்தால் இன்னொரு கண்டம்: ஆல்கஹாலை உடைப்பதிலேயே மும்முரமாக இருக்கும் கல்லீரலால் புதிதாகச் சர்க்கரை தயாரிக்க முடியாது, ரத்தத்தில் சர்க்கரை சரிந்து வலிப்பு வரலாம்.

குறட்டை விடுகிறார், அதனால் நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. தளர்ந்த நாக்கும் தொண்டையும் மூச்சுப்பாதையைப் பாதி அடைத்தாலும் அதே சத்தம்தான் வரும். அருகே உட்கார்ந்து மூச்சை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, அல்லது ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் பத்து விநாடிக்கு மேல் இடைவெளி என்றால் உயிர் ஊசலாடுகிறது. தோள்பட்டையைக் கிள்ளிக் கூப்பிட்டும் எழவில்லை, உதடோ நகமோ நீலம் பாய்ந்திருக்கிறது, தோல் சில்லென்று ஈரமாக இருக்கிறது, வலிப்பு வந்தது என்று இவற்றில் ஒன்று இருந்தாலே அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911ஐக் கூப்பிட வேண்டியதுதான். எல்லா அறிகுறியும் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உதவி வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்பக்கத்து முழங்காலை மடித்து முன்னால் ஊன்றிவைத்தால் வாந்தி வந்தாலும் வெளியே வழிந்துவிடும். பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும், நிமிடம் கூட நகரக் கூடாது.

காபி கொடுத்தால் கல்லீரல் வேகமாக வேலை செய்யாது. போதையில் இருப்பவரின் தூக்கம் மட்டும்தான் கலையும். பச்சைத் தண்ணீரில் குளிக்கவைத்தால் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் உடல் வெப்பம் இன்னும் இறங்கும், வழுக்கி விழுந்து மண்டை உடையவும் செய்யலாம். நடக்கவைப்பதும் அப்படித்தான். தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுக்கவைப்பது இருப்பதிலேயே மோசம், புரையேற நாமே வழி செய்வதாகிவிடும்.

இவ்வளவு தெரிந்தாலும் விடுதி அறையில் ஒரு தயக்கம் பாக்கி இருக்கிறது. அறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 21 வயது ஆகாதவர்கள். 911க்குப் போன் போட்டால் போலீஸ் வருமோ, விடுதியை விட்டு அனுப்பிவிடுவார்களோ, வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், அளவுக்கு மீறிக் குடித்த ஒருவருக்காக உதவி கூப்பிட வேண்டும் என்று தங்களுக்குத் தோன்றியதாக 19 சதவீத மாணவர்கள் சொன்னார்கள். கூப்பிட்டவர்கள் 4 சதவீதம்தான். இடைப்பட்ட அந்த 15 சதவீதத்தை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கார்னெல் 2002இல் மருத்துவ மன்னிப்பு விதி ஒன்றைக் கொண்டுவந்தது. உதவிக்குக் கூப்பிட்டவர் மீதும், உதவி பெற்றவர் மீதும் குடித்ததற்காகப் பல்கலைக்கழகம் தண்டனை நடவடிக்கை எடுக்காது. விதி வந்த பிறகு உதவி கேட்டு வந்த அழைப்புகள் கூடின. மருத்துவமனைக்குப் போய் வந்த பிறகு ஆலோசனைக்கு வந்த மாணவர்களின் பங்கும் இரு மடங்குக்கு மேல் ஆனது. இப்போது அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இப்படி ஏதோ ஒரு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நிபந்தனைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பொதுவாகக் கேட்பவை இவைதான்: கூப்பிட்டவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை மயங்கிக் கிடப்பவரின் பக்கத்தில் இருக்க வேண்டும், வந்தவர்கள் கேட்பதற்கு ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். என்ன குடித்தார், எவ்வளவு, எத்தனை மணிக்கு நிறுத்தினார், கூடவே மாத்திரை ஏதாவது போட்டாரா என்பதுதான் அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது. முக்கியமாக மாத்திரை. தூக்க மாத்திரையோ சில வலி மாத்திரைகளோ சேர்ந்திருந்தால், இதைவிடக் குறைந்த மதுவிலேயே மூச்சு நின்றுவிடக்கூடும்.