ஒரே வீட்டில் பிரிந்து வாழும் பெண்ணுக்கு அரசு உதவி: எங்கே தடுக்கிறார்கள், எப்படிக் கேட்பது?

கணவனோடு உறவு முறிந்த பிறகும், தனி வீட்டுக்கு முன்பணம் கொடுக்க வழியில்லாமலோ பிள்ளைகளின் படிப்பை எண்ணியோ, அதே வீட்டின் ஓர் அறையில் தனியே சமைத்துச் சாப்பிடும் பெண்கள் தமிழ்நாட்டில் பலர் உண்டு. ஆனால் முகவரி ஒன்றாக இருந்தால் குடும்பமும் ஒன்றுதான் என்பது அலுவலகங்களின் கணக்கு.

2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். கணவர் அரசு ஊழியராக இருந்தாலோ, அவர் பெயரில் கார் இருந்தாலோ, அவர் வீட்டுக்கு ஒரு காசு தராதவராக இருந்தாலும், அவரோடு ஒரே அட்டையில் இருக்கும் மனைவியின் விண்ணப்பம் தள்ளுபடியாகும்.

சரி, தனி அட்டை வாங்கலாமென்றால் தனிச் சமையல் இருக்க வேண்டும் என்பது விதி. விசாரணைக்கு வருபவரின் கண் முதலில் அடுப்பைத் தேடும். எரிவாயு ரசீதைக் கேட்பார். எரிவாயு முகவரோ, அதே முகவரியில் இன்னோர் இணைப்பு வேண்டுமானால் தனிக் குடும்ப அட்டையைக் கொண்டுவரச் சொல்வார். பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்க இணையத்தில் நுழைந்தால், ஓடிபி போய்ச் சேருவது பெரும்பாலும் கணவரின் கைப்பேசிக்கு. ஆகவே இணையத்தோடு மல்லுக்கட்டாமல், பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்து, வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்து மூலம் மனு கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை பெறுங்கள். வாய்மொழியாக "அடுத்த வாரம் வாம்மா" என்பது பதிலாகாது.

கணவனால் கைவிடப்பட்டோருக்கான ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். குறைந்தது ஐந்தாண்டு கைவிடப்பட்டிருக்க வேண்டும், அல்லது விவாகரத்தோ நீதிமன்றப் பிரிவு ஆணையோ இருக்க வேண்டும். விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலர் திண்ணையில் கணவரைக் கண்டால் அறிக்கை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நீதிமன்றத் தாள் கைக்கு வரும்வரை இதற்காக அலையாதீர்கள்.

இந்த அலைச்சலில் யாராவது ஒருவர், "இருவரும் சம்மதித்துப் பிரிந்துவிட்டோம் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுங்கள், வேலை முடிந்துவிடும்" என்பார். கையெழுத்துப் போடாதீர்கள். முத்திரைத்தாளில் எழுதுவதால் விவாகரத்து ஆகிவிடாது. அதைவிட மோசம், பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. பிள்ளைகளுக்கான ஜீவனாம்சத்தை அந்தத் தாள் பறிக்காது என்றாலும், உங்களுடையதை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

வீட்டை விட்டு வெளியேறினால்தான் வழக்குப் போட முடியும் என்பதும் தவறு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும், மனைவி அங்கே குடியிருக்கும் உரிமையைக் காக்கிறது. அடித்தால்தான் வன்முறை என்றில்லை. வீட்டுச் செலவுக்குப் பணம் தர மறுப்பதையும் அச்சட்டம் பொருளாதார வன்முறை என்கிறது. அதே வீட்டில் இருந்துகொண்டே, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாதத் தொகை கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்திலுள்ள பாதுகாப்பு அலுவலர் அதை எழுத உதவ வேண்டும். 181 என்ற எண்ணில் அழைத்தும் தொடங்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைத் தரும்; அங்கே வருமானச் சான்று கேட்டால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவைக் காட்டுங்கள்.